சிவப்புச் சரிவில் பனி

1. முதல் பக்கம்

அறிக்கை அன்று மாலை ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். சோலார் பண்ணை வைக்க எந்த நிலம் ஏற்றது என்று வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் சிட்னியின் பரமட்டாவில் இருக்கும் எங்கள் சின்ன நிறுவனத்தின் தொழில். ஐரோப்பாவில் எங்களுக்குக் கிடைத்த முதல் வேலை அது. முதல் பக்கத்தில் என் பெயர் வரும் முதல் அறிக்கையும் அதுதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கிருஷ்ணகிரி பக்கம் கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள். இன்டர்வியூவிலேயே இதை நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னவள் நான். அந்த முதல் பக்கத்தை அன்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

2. ஊர்

ஸ்பெயினின் மேற்கே, போர்ச்சுகல் எல்லையை ஒட்டிய மலையூர் அது. ஊராட்சி எல்லை பெரியது, ஆட்கள் குறைவு. நடுவே கிழக்கு மேற்காக ஒரு சிற்றாறு ஓடுகிறது. வடகரைச் சரிவில் வீடுகள், கல் தேவாலயம், படிப்படியாகக் கட்டிய திராட்சைத் தோட்டங்கள், அவற்றுக்கு மேலே கல் பாவிய பழைய களத்துமேடு. தென்கரைச் சரிவு முழுக்க ஊருக்குப் பொதுவான செஸ்ட்நட் என்ற கொட்டை மரக் காடு.

எல்லைச் சண்டைகள் ஓய்ந்த காலத்தில் ஓர் அரசர் வடக்கிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து இங்கே குடியேற்றினாராம். பிற்காலத்தில் பலர் மாட்ரிட்டுக்கும் ஜெர்மனிக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் இலையுதிர் காலத்தில் ஒன்றாகக் காட்டுக்குப் போய், செஸ்ட்நட் பொறுக்கிப் பங்கு வைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் வரைபடத்தில் சிவப்பு என்றால் நல்ல வெயில், நீலம் என்றால் மோசம். காட்டுச் சரிவு அடர் சிவப்பாகவும் ஊர்ச் சரிவு நீலமாகவும் வந்திருந்தது. வரைவு வரைபடம் போன வாரமே அவர்களுக்குப் போயிருந்தது. எங்கள் அறிக்கையை வைத்து அன்றே அங்கே ஊர்மன்றம் வாக்கெடுக்கும். ஆதரவாக வாக்கு விழுந்தால் பேனல் வைக்கக் காட்டை வெட்டிவிடுவார்கள்.

எனக்கு ஒன்று உறுத்தியது. குளிர்கிற மலையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்கள், நல்ல வெயிலை மரங்களுக்கு விட்டுவிட்டுத் தாங்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்களா? ஜனவரி மாத சாட்டிலைட் படத்தைத் திறந்தேன். ஊர்க் கூரைகள் காய்ந்து கிடந்தன. எங்கள் சிவப்புச் சரிவு முழுக்க வெள்ளை வெளேரென்று பனி.

3. டெம்ப்ளேட்

என் மேலதிகாரி ஜெயந்தன் அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர். எந்தச் சரிவுக்கு எவ்வளவு வெயில் என்று மார்க் போடும் மாடல் டெம்ப்ளேட்டை உருவாக்கியவர் அவர்தான்.

"என்ன பிள்ளை, ரிப்போர்ட் அனுப்பியாச்சே?"

"அனுப்பலைண்ணா. டெம்ப்ளேட் தப்புன்னு நினைக்கிறேன்."

"என்ரை டெம்ப்ளேட்டோ? டப்போவில இருந்து ஆர்மிடேல் மட்டும் உதாலதான் செய்தனாங்கள். ஒரு பிழையும் வரேல்லை."

"இங்க ஆஸ்திரேலியால, டப்போல சூரியன் வடக்குப் பக்கமா போகுது. அங்க ஸ்பெயின்ல தெற்குப் பக்கமா போகும். நீங்க வடக்கு பாத்த சரிவுக்குத்தான் முழு மார்க் குடுத்திருக்கீங்க."

பனிப்படத்தை அவர் பக்கம் திருப்பினேன். அவர் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"அட கோதாரி! இங்க சிட்னியில, கிரவீன்ல, வெயில் வாற வடக்குப் பக்கம் பார்த்த நோர்த் பேசிங் வீடு வேணுமெண்டு நாயா அலைஞ்சு வாங்கினனான். அந்தப் புத்தி அப்படியே மாடலுக்கையும் போட்டுது."

கிருஷ்ணகிரியிலும் யாழ்ப்பாணத்திலும் சூரியன் உச்சந்தலைக்கு வந்துவிடும். வெயில் எந்தப் பக்கம் என்று கணக்குப் பார்க்கும் பழக்கமே எங்கள் இருவருக்கும் சிட்னி வந்த பிறகுதான் வந்தது.

"இப்ப மாத்தினா அஞ்சு மணிக்கு முடியாது. உன்ரை முதல் ரிப்போர்ட் பிந்திப் போகுமே, பரவாயில்லையோ?"

"பிந்தட்டும். பிழையான ரிப்போர்ட்ல என் பேர் வேண்டாம்."

4. அழைப்பு

ஐந்து மணிக்கு வீடியோ காலில் அந்த ஊர் மேயர் பிலார் வந்தார். அங்கே காலை நேரம். லண்டன் ஹோட்டல்களில் வேலை செய்து ஆங்கிலம் கற்றவர். நான் நேராகச் சொன்னேன்: "எங்க வரைபடம் தலைகீழா இருக்கு. இன்னைக்கு வாக்கெடுக்காதீங்க."

அவர் உரக்கச் சிரித்துவிட்டார். "அந்தப் பக்கம் டிசம்பர்ல வெயிலே விழாதும்மா! நிழல்லயும் ஓடுற பேனல் ஏதோ சிட்னியில கண்டுபிடிச்சிட்டாங்கன்னு நாங்க பேசிக்கிட்டோம்."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா பட்டிக்காடுன்னு நினைப்பீங்க. அதான் வாயை மூடிக்கிட்டோம்."

எனக்கு அந்த வாய்மூடல் நன்றாகவே தெரியும். படித்தவர்கள் முன்னால் என் வீட்டார் அப்படித்தான் இருப்பார்கள்.

வாக்கெடுப்பு தள்ளிப்போனது. திருத்திய அறிக்கையில் களத்துமேடு மட்டும்தான் தேறியது. முன்பு சொன்னதைவிட மிகச் சின்ன இடம். ஊர்மன்றம் அதையே ஏற்றுக்கொண்டது. காட்டில் ஒரு மரத்தையும் வெட்டவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். புது ஊர் ஒன்றை எடுத்தால் முதலில் வரைபடத்தின் சிவப்பு, நீல வண்ண லேயர்களை அணைத்துவிடுங்கள். வீடுகள் எங்கே இருக்கின்றன, எந்த நிலத்தில் யாரும் குடியேறவில்லை என்று பாருங்கள். வரைபடத்தை அனுப்பிய பிறகு அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, "இதில் எதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது?" என்று கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். எடுத்த எடுப்பில் யாரும் வாய் திறப்பதில்லை. அவர்கள் சிரிக்கும்வரை நான் போனை வைப்பதில்லை.