நாய்க்குக் குடை பிடித்தவள்

எங்கள் ஊரில் நாய் வளர்க்கத் தெரியாது என்று சொன்ன ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஒழுங்காக நாய் வளர்த்தவனையும் பார்த்ததில்லை. கட்டிப்போடுவார்கள், பட்டினி போடுவார்கள். பசியில் அது குரைத்தால் வீரம் என்பார்கள். வீட்டுப் பிள்ளையையே கடித்தால் உலக்கையால் அடித்துக் கொல்வார்கள். இவ்வளவுதான் இவர்கள் வித்தை. இதைச் சொல்லிக்கொடுக்க என் வீட்டு வாசலுக்கு எத்தனை பேர் வந்தான்கள்!

அது திரு-கொச்சி ராஜ்யமாக இருந்த காலம். ஆரல்வாய்மொழிக்குத் தெற்கே எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் முற்றம், முற்றத்தைத் தாண்டி விளை, நேந்திரன் என்கிற ஏத்தவாழைத் தோட்டம். என் வீட்டுக்காரர் செத்து வருஷம் திரும்பவில்லை. பிள்ளை கிடையாது. விளையும் வீடும்தான் எனக்கு மிச்சம். ஏத்தங்குலைக்கு ஓணத்தை ஒட்டி நல்ல விலை கிடைக்கும். திருவனந்தபுரத்திலிருந்து லாரி வந்து எடுத்துக்கொண்டு போகும். லாரி வருவதற்கு முன்னால் திருடனும் வருவான்.

என் அண்ணன் பக்கத்து ஊரில் இருந்தான். வந்தான், விளையைச் சுற்றிப் பார்த்தான், குலை தள்ளாத வாழையையும் தட்டிப் பார்த்தான்.

"ஒத்தப் பொம்பள எப்படிட்டி காவல் கெடப்ப? வீட்டப் பூட்டிட்டு எங்கூட வா. விளைய நான் பாத்துக்கிடுகேன்."

பாத்துக்கிடுவான். அண்ணியின் அடுப்படியில் நான் புகை ஊதிக்கொண்டிருக்க, குலை விற்ற காசு அவன் மடியில் இருக்கும். செத்தவரின் சாம்பல் ஆறும் முன்னேயே அந்தக் கணக்கு அவன் மனசில் ஓடிவிட்டது.

"நான் நாய் வளத்துக்கிடுகேன்" என்றேன்.

"ஓணத்துக்குள்ள அது காவல் நிக்கணும். இல்லேன்னா நீ வந்திரணும். நாலு பேரு என்னத்தான் கேப்பான், தங்கச்சியத் தனியா விட்டிருக்கியேன்னு."

நாலு பேர் ஒருவனும் கேட்கவில்லை. ஆனாலும் சரி என்றேன். என் குடியிருப்பு ஒரு நாயின் குரலில் போய் நின்றது.

கிடைத்த நாயோ இப்படி. ஒரு வண்டிக்காரர் லாரி வந்து பிழைப்புப் போச்சு என்று வண்டியையும் மாட்டையும் விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் போனார். நாயை வாங்க ஆளில்லை. நான் கூட்டிவந்தேன். நல்ல உயரம், செவலை நிறம், அகன்ற மார்பு. பார்த்தால் புலி மாதிரி இருக்கும். வந்த அன்றே கட்டிலுக்கு அடியில் புகுந்தது. சோறு வைத்தால் நான் அடுக்களைக்குள் போன பிறகுதான் தின்னும். முற்றத்தில் இழுத்துவிட்டால் வயிறு தரையில் படப் பம்மிக்கொண்டு திரும்ப ஓடும். காக்கை பறந்தால் மூத்திரம் போகும்.

அடுத்த தடவை அண்ணன் வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். "ஏட்டி, இது நாயா மொயலா?" என்று தொடையில் தட்டிச் சிரித்தான். கூட வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். உடனே வைத்தியம் ஆரம்பமாயிற்று. ஒருவன் காதை அறுக்கச் சொன்னான். ஒருவன் வத்தல் மிளகாயை அரைத்துக் கொடுக்கச் சொன்னான். அண்ணன்தான் பெரிய வைத்தியன் ஆயிற்றே.

"குளவிக்கூட்டச் சுட்டுப் பொடிச்சு சோத்துல பெசஞ்சு குடுக்கணும். குளவிக்க ரோஷம் அப்படியே நாய்க்க ரத்தத்துல ஏறும் கேட்டியா?"

"அப்போ நீ தின்னு பாரு அண்ணே. ஒனக்கும் கொஞ்சம் ஏறட்டு" என்றேன்.

நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்தபோது நாய் நுரை நுரையாகக் கக்கிக்கொண்டிருந்தது. மோர் ஊற்றினேன், கஞ்சித் தெளிவு ஊற்றினேன். பிழைத்தது. என் கையைப் பார்த்துக் கொஞ்சம் வெளியே வரப் பழகியிருந்ததும் அதோடு போயிற்று. சோற்றைக் கண்டாலே சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நான் முதலில் ஒரு வாய் தின்று காட்டினால்தான் மோந்து பார்க்கும். ரோஷம் ஏற்றினானாம்! இருந்த நம்பிக்கையை இறக்கினான்.

சித்திரையில் வாழைக்கு ஒரு வண்டி எருவும் சாம்பலும் வந்தது. வண்டி முற்றத்தில் நின்றதும் கட்டிலுக்கு அடியில் கிடந்த சவம் எழுந்தது. நேராக வந்து இரண்டு சக்கரத்துக்கும் நடுவே, வண்டிக்கு அடியில் நின்றது. வாலைத் தூக்கியிருந்தது. வண்டி விளைப் பக்கம் நகர்ந்தபோது அதுவும் கூடவே நடந்தது. காது நிமிர்ந்து, வாழ்க்கையில் ஒரு பயமும் இல்லாதது போல நடந்தது. வண்டி திரும்பிப் போனதும் நடு முற்றத்தில் சுருண்டுவிட்டது.

குட்டியிலிருந்து அதை வண்டி அச்சில்தான் கட்டியிருப்பார்கள். நடை, தூக்கம், மழை, வெயில் எல்லாம் அந்தப் பலகைக்குக் கீழே. அதற்கு மனுஷனும் பயமில்லை, சத்தமும் பயமில்லை. தலைக்கு மேலே ஒன்றும் இல்லாததுதான் பயம். இதைக் கண்டுபிடிக்க ஒரு கூட்டம் வைத்தியன் எதற்கு? அரை நாழிகை வாயை மூடிக்கொண்டு பார்த்தால் போதும். எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளுக்கு அது மட்டும்தான் வராது.

வயலுக்குப் போகிறவர்கள் பிடிக்கும் ஓலைக்குடை ஒன்று வீட்டில் இருந்தது. மறுநாள் அதை நாயின் முதுகுக்கு மேலே தாழ்த்திப் பிடித்தேன். கட்டிலை விட்டு வெளியே வந்தது. நான் ஓர் அடி வைத்தால் அதுவும் ஓர் அடி. குனிந்து குனிந்து எனக்கு இடுப்பு ஒடிந்தது. நின்றால் ஒரு நெத்திலிக் கருவாடு, கூப்பிட்டு வந்தால் இன்னொன்று. நடுங்க ஆரம்பித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுவேன். கொஞ்ச நாள் போனதும் குடையை ஒரு சாண் உயர்த்தினேன். பிறகு என் இடுப்பு உயரம்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு வளர்க்கிற ஒருத்தி இருந்தாள். அவள் சும்மா இருப்பாளா?

"என்னக்கா, ராசாவுக்குக் குடை பிடிச்சு ஊர்வலம் போறியளா? கொட்டு மேளம் சொல்லட்டுமா?"

"ஒங்க வீட்டு ராசா சாராயம் குடிச்சு ஓடையில கெடக்கும்போ நீ பிடிக்கலியாட்டி? இது நடக்கவாவது செய்யுது."

அவள் அதற்குப் பிறகு என்னிடம் வாய் கொடுக்கவில்லை. மற்றவர்களிடம் போய்க் கொடுத்தாள். புருஷன் செத்த கிறுக்கு என்று ஊர் முழுக்கப் பேச்சு. பேசட்டும். பேசுகிற வாய் ஒன்றும் எனக்குக் கஞ்சி ஊற்றவில்லை.

குடைக்கு அடியிலேயே நடத்தி ஒருநாள் விளைக்குள் கொண்டுபோனேன். வாழை இலை மேலே கூடி நின்றது. குடையை மெல்ல விலக்கினேன். நாய் மேலே பார்த்தது. ஒரு வாழையை மோந்தது, அடுத்ததை மோந்தது. பிறகு என்னைக் கேட்காமலே உள்ளே போயிற்று. அதற்கு அந்த விளை மொத்தமும் ஒரு பெரிய வண்டி. அன்று முதல் இருப்பு அங்கேதான்.

ஆடிக் காற்றில் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது வேலியில் நுழைந்த ஆட்டைப் பார்த்து முதல்முதலாகக் குரைத்தது. அடிவயிற்றிலிருந்து வந்த குரல். வண்டிப்பேட்டையில் சரக்குக்கு அருகே வருகிறவனைப் பார்த்துக் குரைத்த நாய்தானே. அதற்கு நான் குரைக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. போதும் என்றால் நிறுத்தவும், கூப்பிட்டால் வரவும்தான் பழக்கினேன். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓணத்துக்கு முன்னால் வருவான், அப்போது பார்க்கட்டும் என்று இருந்தேன்.

வந்தான். வாசல் வழியாக இல்லை. சாயங்காலம் நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது விளைக்குள் நாய் விடாமல் குரைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு என் கூடப்பிறந்தவன் தண்ணீர் பாய்கிற ஓடைக்குள் முட்டளவு சேற்றில் நிற்கிறான். வேட்டியில் பாதி நாயின் வாயில். அரிவாள் கையில். பக்கத்தில் இருப்பதிலேயே பெரிய குலை, காம்பு பாதி வெட்டுப்பட்டுத் தொங்குகிறது.

"ஏட்டி, நாயப் பிடிட்டி! கடிச்சிரும்!"

"எங்க நாயி? மொயலுல்லா?"

"வெளையாடாதட்டி! சோதிச்சுப் பாக்க வந்தேன், காவல் நிக்குதான்னு!"

"சோதிக்கதுக்கு அரிவாளு எதுக்கு? அதுவும் அந்தக் குலைய?"

நாயைக் கூப்பிட்டேன், வந்தது. அவன் ஏறி வந்து காலைக் கழுவினான். கழுவி முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டது. "பாத்தியா? குளவிக்கூடு வேலை செஞ்சிட்டு!" என்றான். நான் சிரிக்கக்கூட இல்லை. அந்த மூஞ்சிக்கு ஒரு சிரிப்பு தண்டம்.

ஊரெல்லாம் அதையே சொன்னான். நாய் வைத்திருந்தவன் எல்லாம் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு குளவிக்கூடு தேடினான். ஒரு வாரத்துக்கு டீக்கடையில் உட்கார்ந்தவனில் பாதிப் பேருக்குக் கண் திறக்கவில்லை. குடையைப் பற்றி ஒருத்தனும் கேட்கவில்லை. கேட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அந்த நாய்களுக்காகத்தான் வருத்தப்பட்டேன்.

லாரி வந்தது, குலைகளை நானே நின்று ஏற்றினேன். பாதி வெட்டுப்பட்டதை மட்டும் நானும் நாயும் தின்றோம். அவித்த ஏத்தங்காய் என்றால் நாய்க்கு உயிர்.

திறந்த முற்றத்தில் அது கடைசிவரை வயிறு ஒட்டித்தான் நடந்தது. அதை நான் மாற்றவில்லை, மாற்ற நினைக்கவுமில்லை. எனக்கு வேண்டியது விளையில் நிற்கிற நாய். அது நின்றது. அண்ணன் பிறகு என்னைக் கூட வா என்று கூப்பிட்டதே இல்லை. வந்தால் வேலிப் படலைக்கு வெளியே நின்று இரண்டு தரம் இருமுவான். நான் வா என்று சொன்ன பிறகுதான் உள்ளே கால் வைப்பான்.