பதினொரு பேருக்கும் ஒரே சொந்தக் காரணம்

தங்கை போன் செய்தபோது நான் ரசத்துக்குப் புளி ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா, வேலையில இருந்து நின்னுக்கறதுக்கு ஒரு லெட்டர் வேணும். காலைல குடுக்கோணுமாம்" என்றாள். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சிறிய பம்ப்செட் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுவது அவள் வேலை. பதினாலு வருஷம். பட்டறையை மூடப்போகிறார்கள் என்பது ஒரு மாதமாகவே தெரிந்த விஷயம்தான். கையைத் துடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புளி ஊறி முடிவதற்குள் வேலை முடிந்தது.

குறை சொல்ல முடியாத கடிதம். அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் அதனதன் இடத்தில். "எனது சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். இதுநாள் வரை தாங்கள் அளித்த ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி." நான் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவள். எங்கள் அலுவலகத்தில் யார் ராஜினாமா செய்தாலும் சொந்தக் காரணம் என்றுதான் எழுதுவோம். உண்மைக் காரணத்தை எழுதினால் அதற்கு யாராவது பதில் எழுத வேண்டியிருக்கும். முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது. ஏன் கடிதம் கேட்கிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். முதலாளி எல்லோரையும் உட்காரவைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, "நல்லபடியாப் பிரிஞ்சுக்கலாம் அம்மணிகளா, ஆளுக்கொரு லெட்டர் மட்டும் குடுத்துப்போடுங்க" என்றிருக்கிறார். அவர் தரவேண்டியதையெல்லாம் அதற்கு முந்தின வாரமே கொடுத்து முடித்திருந்தார். அப்படிப்பட்ட மனிதர் கேட்டதற்கு மறுப்புச் சொல்வது எங்கள் பக்கத்தில் நினைத்துப்பார்க்க முடியாத காரியம். எனவே பதினொரு பெண்களும் நன்றி தெரிவித்து, வேலையை அவர்களாகவே விட்டுவிட்டார்கள்.

தொழிலாளர் காப்பீட்டில் ஒரு உதவி இருக்கிறது. வேலை போனவருக்கு மூன்று மாதம் வரை, பழைய சம்பளத்தில் ஏறக்குறைய பாதி. வேலை போய் ஒரு மாதம் ஆன பிறகுதான் கேட்க முடியும். மனிதர் நிஜமாகவே சிரமப்படுகிறாரா என்று அரசாங்கம் ஒரு மாதம் பொறுத்திருந்து பார்க்கிறது போலிருக்கிறது. இதைத் தங்கைக்குச் சொன்னதும் நான்தான். "இந்த மூணு மாசத்த ஓட்டிப்போட்டா வேற எடம் பாத்துக்குவேன். இல்லீன்னா ஊட்டக் காலி பண்ணிப்போட்டு உன்கூட வந்தர்றேன்க்கா" என்றாள்.

"வா, உனக்கில்லாத இடமா" என்றேன்.

இரண்டு பேரும் மனதில் இல்லாததைத்தான் சொன்னோம். அவள் கணவர் இறந்தபோது ஆறு மாதம் என் வீட்டில் இருந்தாள். அவளுக்கு டி.வி. சத்தமாக இருக்கவேண்டும், எனக்கு ஒரு தம்ளர் இடம் மாறினாலும் ஆகாது. கடைசி மாதம் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் பாத்திரம் வைக்கிற சத்தத்தில்தான். பிறகு அவள் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வாடகை வீட்டுக்குப் போனாள். நாங்கள் மறுபடியும் அக்கா தங்கையானோம். அந்த வீடு அவள் கையைவிட்டுப் போகக் கூடாது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை. அவளுக்கும் அதுதான்.

கணினி மையத்தில் விண்ணப்பம் போட்டு, அச்செடுத்து, ஆதார், வங்கிப் புத்தகம், காப்பீட்டு அட்டை எல்லாவற்றுக்கும் நகல் வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் தங்கையின் கையெழுத்தை வாங்கி, அவளையும் கூட்டிக்கொண்டு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். இன்ன இடத்தில் திருப்பி அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த இடங்கள் ஒவ்வொன்றையும் அடைத்துவிட்டேன். கவுன்ட்டரில் இருந்தவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கணினியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் கணினியைப் பார்த்தார்.

"தானா வேலைய விட்டவங்களுக்கு இது கெடைக்காதுங்க மேடம்."

"பட்டறையையே மூடிவிட்டார்கள்."

"அப்படி இங்க இல்லீங்களே. சொந்தக் காரணம்னு முதலாளி ஏத்தியிருக்கார். லெட்டரும் வெச்சிருக்கார்." திரையை எங்கள் பக்கம் திருப்பினார். தங்கையின் கையெழுத்தில் என் கடிதம். "இதே மாதிரி இன்னும் பத்து லெட்டர் இருக்குதுங்க. ஒரே தேதி, ஒரே வாசகம். பதினொரு பேருக்கும் ஒரே நாள்ல ஒரே சொந்தக் காரணமாங்க?"

வாட்ஸப்பில் நான் அனுப்பியதையே மற்ற பத்துப் பேரும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"நல்லா எழுதியிருக்காங்க, அதச் சொல்லோணும்" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம். "முதலாளி தன் கைப்பட, மூடினேன்னு எழுதிக் குடுத்து, கம்ப்யூட்டர்லயும் காரணத்த மாத்திக் குடுத்தா நான் மேல அனுப்பறேனுங்க."

பேருந்தில் திரும்பினோம். துடியலூர் தாண்டியதும், "அது நான் எழுதியதுதான். என் தப்பு" என்றேன்.

"தெரியுமக்கா. கூட வேலை செஞ்ச ஒருத்தி போன வாரமே அங்க போயிக் கேட்டுப்போட்டு, அந்த லெட்டரால கெடைக்காதுன்னு எனக்குப் போன் பண்ணிச் சொன்னா."

"தெரிந்துமா என்கூட வந்தாய்?"

"நீ அத்தன காயிதத்த அடுக்கி வெச்சிருந்த. எப்படிச் சொல்றது?"

இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படித்தான் இத்தனை காலம் பிழைத்தோமோ. அடுத்து முதலாளியைப் போய்ப் பார்ப்போம் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் வரலீக்கா. நன்றின்னு எழுதிக் குடுத்துப்போட்டு இப்பப் போயி மாத்திக் குடுங்கன்னா, அவரு என்ன நெனப்பாரு? நாம பிராது குடுக்கற மாதிரி ஆயிரும்."

நாலு நாள் ஆனது அவளைச் சம்மதிக்கவைக்க. சட்டம் சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. கடைசியில், "நீ வராவிட்டால் நான் தனியாகப் போய் அவரிடம் சண்டை போடுவேன்" என்றேன். என்னைத் தடுப்பதற்காகவே கூட வந்தாள்.

முதலாளியின் வீடு பட்டறைக்கு அடுத்த தெருவில். பட்டறையின் பெயர்ப் பலகை இன்னும் கழற்றப்படாமல் அப்படியே இருந்தது. உள்ளே எந்திரங்கள் இல்லை. ஈரோட்டுக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். முதலாளிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்கம்மா, வாங்க. அம்மணி, நல்லா இருக்கறயா? காப்பி சாப்பிடுங்க மொதல்ல."

காப்பி வந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"அய்யோ, எனக்கு இது தெரியாதுங்களே. ஃபைல் சுத்தமா இருக்கோணும், ஆளுக்கொரு லெட்டர் வாங்கிருங்கன்னு ஆடிட்டர் சொன்னாரு, வாங்கிப்போட்டேன். இவங்க பொழப்புக்கு எடஞ்சலா வரும்னா வாங்கியிருப்பனுங்களா?"

"இப்போது மாற்றிக் கொடுத்தால் போதும். மூடிவிட்டேன் என்று எழுதி."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். மறுபடியும் எடுத்தார்.

"மூடினது ஊருக்கே தெரியுமுங்க. மெசினக்கூட வித்துப்போட்டேன். ஆனா, எங்கய்யன் ஆரம்பிச்சத நான் மூடிப்போட்டேன்னு என் கையால எழுதறதுன்னா..."

தங்கை என் முழங்கையைத் தொட்டாள். போய்விடலாம் என்று அர்த்தம். எனக்கும் எழுந்துவிடலாம் போலத்தான் இருந்தது. முப்பது வருஷத்தில் எத்தனையோ பேரின் கையெழுத்தை வாங்கியிருக்கிறேன். இவ்வளவு கூச்சத்துடன் யாரிடமும் கேட்டதில்லை.

"சரி, நீங்களே எழுதிக் குடுத்துருங்கம்மா. நல்லா எழுதுவீங்கன்னு அம்மணி சொல்லியிருக்குது. நான் கையெழுத்துப் போட்டர்றேன்" என்றார்.

பேனா என் கைப்பைக்குள்தான் இருந்தது. வாசகமும் மனதில் வந்துவிட்டது. தவிர்க்க இயலாத காரணங்களால் தொழிற்கூடம் நிரந்தரமாக மூடப்பட்டமையால். 'மூடப்பட்டமையால்' என்று எழுதினால் மூடியவர் யாரும் இல்லை. அவருக்கும் சௌகரியம், எனக்கும் பழக்கம்.

"வேண்டாம். என் எழுத்தால் வந்த வினைதான் இது. நீங்களே எழுதுங்கள், நீங்கள் பேசுவது போலவே எழுதுங்கள்" என்றேன்.

அவர் ஒரு பழைய பில் புத்தகத்தை எடுத்து, ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதினார். கால் மணி நேரம் ஆனது. இரண்டு இடத்தில் அடித்து எழுதினார். அனுப்புநர் இல்லை, பொருள் இல்லை, தேதியை நான் சொன்ன பிறகுதான் போட்டார். அதில் இருந்தது இவ்வளவுதான்: "பட்டறைய நான் மூடிப்போட்டேன். ஆர்டர் இல்லை, நடத்த முடியல. பொம்பளைங்க பதினொரு பேரும் யாரும் தானாப் போகல. நான் கேட்டதால லெட்டர் குடுத்தாங்க. அவங்க மேல தப்பு இல்லை." கீழே கையெழுத்து, ரப்பர் முத்திரை. முத்திரையில் மை காய்ந்திருந்தது. ஊதி ஊதி மூன்று முறை குத்தினார்.

கணினியில் காரணத்தை மாற்ற ஆடிட்டர் இன்னும் இரண்டு வாரம் இழுத்தார். அதன்பின் அந்தத் தாளையும் விண்ணப்பத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். கவுன்ட்டர்க்காரர் நின்றபடியே படித்தார். தாளின் முன்பக்கத்தைத் திருப்பி பில் புத்தகத் தலைப்பையும் பார்த்தார். படிவத்தில் இல்லை, இப்படி எழுதக் கூடாது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். "இது போதுங்க" என்று கோப்பில் வைத்துக்கொண்டார். மற்ற பத்துப் பேரையும் வரச்சொன்னார்.

பணம் வந்தது ஏழு வாரம் கழித்து. அதற்குள் நான் பின்னறையை ஒழித்து, பீரோவில் இரண்டு தட்டுகளைக் காலிசெய்து வைத்திருந்தேன். சொல்லிக்கொள்ளவில்லை.

"வந்துருச்சுக்கா. ஊட்டுக்காரம்மாகிட்டக் காலி பண்ணலைன்னு சொல்லிப்போட்டேன்" என்றாள் போனில்.

"நல்லது."

"மூணு மாசம் முடிஞ்சா மறுபடியும் எழுதிக் கேக்கலாமா?"

"முடியாது. வாழ்நாளில் மூன்று மாதம்தான் ஒருவருக்கு."

அவள் வீட்டு டி.வி. ஓடிக்கொண்டிருந்தது கேட்டது. சத்தமாகத்தான். "சரி, திங்கக்கெழம ஜோதிபுரத்துல ஒரு கம்பெனில வைண்டிங்குக்கு ஆள் வேணும்னாங்க, போயிப் பாத்துப்போட்டு வாரேன். அப்பறம், நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. உன்கூட வந்து இருக்கறதுக்கு எனக்கு இஷ்டம்தான்."

"எனக்கும்தான்" என்றேன். போனை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய், கதவருகே கொஞ்ச நேரம் நின்றேன். பீரோவில் காலிசெய்த இரண்டு தட்டுகளில் என் சேலைகளை மறுபடியும் அடுக்க ஆரம்பித்தேன். பிறகு ஒரு தட்டோடு நிறுத்தி, மற்றதைக் காலியாகவே விட்டேன். வந்த பணம் மூன்று மாதத்துக்குத்தான்.