ஆளில்லாத மலை

நேற்று ஹை ஸ்ட்ரீட் ஏலக்கடையில் இரண்டு நீளப் பலகைகள் சுவரில் சாய்ந்து நின்றன. முனை மேல்நோக்கி வளைந்தவை. படகுச் சாமான் என்றார் ஒருவர்; அலமாரித் தட்டுக்கு ஆகும் என்றார் இன்னொருவர். கிட்டே போனதும் தார் வாசனை அடித்தது. கையிலிருந்த குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், பாருங்கள்.

பெரிய சண்டைக்கு முந்தைய வருஷங்களில் ஆற்றோரத்துக் கம்பெனி ஒன்றில் நான் குமாஸ்தா. குமாஸ்தா என்பதுகூடக் கொஞ்சம் மிகைதான். பாதி நாள் மிளகு மூட்டைகளுக்கு நடுவே தும்மிக்கொண்டிருந்தேன். எங்கள் துரைக்குப் பனியில் சறுக்குகிற பைத்தியம். சிங்கப்பூர் புழுக்கத்தில் மேசைமேல் ஜப்பான் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, சறுக்குப் பலகைகளுக்குத் தானே தார் பூசுவார். பெரிய மலையில் பட்டாளத்தார் கூட்டமாம். அவர் தேடிப் பிடித்தது ஒரு சின்ன மலை. ஒரே ஒரு விடுதி, அதைத் தாண்டினால் ஆள் அரவமே கிடையாது. அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிடும். எனக்கு என்னவோ போலிருக்கும். கப்பல் டிக்கெட் எடுப்பது என் வேலை. இரண்டு டிக்கெட்.

இரண்டாவது, துரைக்குச் சமைத்துப்போடும் காசிமுக்கு. புதுமாப்பிள்ளை. போய் வந்ததும் கிடங்கில் மேற்பார்வை வேலை தருவதாகத் துரை வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஆளில்லாத மலைக்கு எதுக்குடா போறே? விழுந்தா தூக்கிவிட ஒருத்தன் வேணாமா?" என்றேன்.

"ஒண்ணும் ஆகாதுலா அண்ணே. வந்ததும் நான் கிடங்கு மேஸ்திரி. நீங்கதான் எனக்கு சலாம் போடணும்."

குளிரைப் பழகிக்கொள்ள ஒரு மத்தியானம் என்னையும் ஐஸ் கிடங்குக்கு இழுத்துப் போனான். குளிருக்கு எண்ணெய்தான் காப்பு என்று தலையிலும் மீசையிலும் தேங்காயெண்ணெயை வழிய வழியப் பூசியிருந்தான். இருவரும் இங்கேயே பிறந்தவர்கள். தேங்காயெண்ணெய் உறையும் என்று கண்டோமா, கேட்டோமா? பல் கிட்டிப்போய் நான் முதலில் ஓடிவந்துவிட்டேன். அவன் நிதானமாக வெளியே வந்தான். முடி, புருவம், மீசை எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. உதடு நீலம் பாரித்திருந்தது. அந்தக் கோலத்தில் அவன் சிரித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. போகாதே என்று எவ்வளவோ சொன்னேன். வெயிலில் நின்று தலையைத் துடைத்துக்கொண்டான். அடுத்த வாரம் கப்பலேறிவிட்டான்.

திரும்பி வந்த கப்பலிலிருந்து துரை மட்டும் இறங்கினார். பனி மூட்டத்தில் காசிம் வழி தவறிவிட்டானாம். விடுதிக்காரர்கள் தேடினார்களாம். பனி உருகினால் கிடைப்பான் என்று சொல்லிவிட்டு, தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

டன்லப் ஸ்ட்ரீட் வீட்டுக்குப் போய் அவன் மனைவி ஜொகராவிடம் அதைச் சொன்னவன் நான்தான். கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "அங்கே பனி எப்பண்ணே உருகும்?"

எனக்கு எப்படித் தெரியும்? இங்கே எல்லா மாதமும் ஒரே வெயில், ஒரே மழை. மிடில் ரோட்டில் இருந்த ஜப்பான்காரப் போட்டோக்காரரைக் கேட்டேன். சித்திரையில் உருகும் என்றார். சித்திரை போயிற்று, ஆடி போயிற்று. ஒரு தகவலும் இல்லை. ஜமாத்துப் பெரியவர்கள் அவளை, புருஷனை இழந்தவள் வீட்டோடு துக்கம் காக்கிற இத்தா இருக்கச் சொன்னார்கள்.

"அவரு மய்யித்தக் கண்ணால பாக்காம நான் எதுக்கு இத்தா இருக்கணும்?" என்றாள். கல்யாணத்தில் கழுத்தில் கட்டிய கருகமணியையும் கழற்றவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்தப் பக்கம் போனால் கதவுக்குப் பின்னாலிருந்து அதே கேள்வி வரும்.

கம்பெனி இப்போது இல்லை. துரை சீமைக்குப் போய்விட்டார். ஐஸ் கிடங்கையும் இடித்துவிட்டார்கள். போன வருஷம் ஜொகராவின் மய்யித்தைக் குளிப்பாட்டிய பெண்கள்தான் அந்தக் கருகமணியைக் கழற்றினார்கள். அங்கே பனி உருகிவிட்டதா என்று என்னிடம் கேட்க இனி யாருமில்லை.