கழற்றிய பின்சீட்டு

கட்டுக்கதை என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன நஷ்டம்? 1991 ஐப்பசியில், படப்பையில் நடந்த சங்கதி இது.

உதயசூரியனுக்கு அங்கே ஒரு மெக்கானிக் ஷெட். வாலாஜாபாத் காமாட்சியம்மாளிடம் பழைய மோரிஸ் மைனர் காரை வாங்கி வந்திருந்தான். "எதையும் மாத்தாத சூரியா. கீற மாதிரியே வித்துடு" என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். மெட்ராஸில் அப்படி அசலாகவே கேட்கிற ஆளும் இருந்தார். இவன் கேட்டால்தானே! பளபளவென்று பெயின்ட் அடித்து, புது சீட்டு போட்டால் இன்னும் நல்ல விலைக்குப் போகும் என்று ஆசை. மனைவி மோகனப்ரியாவுக்கு நிறைமாதம். இரண்டு கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. காரை விற்ற கையோடு அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க நினைத்திருந்தான்.

கழற்றிய பின்சீட்டை எறிவானேன்? மெக்கானிக் வீடுகளில் அதுதானே சோபா. வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து போட்டான், மடையன்! இடுப்புக்கு இதமாக இருக்கிறதென்று மோகனப்ரியா அதிலேயே கிடந்தாள்.

முதல் நாளே ஓரமாகத்தான் உட்கார்ந்தாள்.

"நடுவுல குந்தேன்."

"எடம் இல்லியே..."

மறுநாள் உச்சிப்பொழுது. சாப்பிட வந்தான். அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். கூடத்தில் ஸ்பிரிங் சத்தம்... க்ரீச்...

எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. சீட்டின் நடுவில் ஒரு பள்ளம். தொட்டான். சூடாக இருந்தது.

"யாரு வந்தாங்க?"

"அந்த அக்காதான்..."

சீட்டைத் தூக்கி வெளியே எறியக் குனிந்தான். அந்த நேரம் பார்த்து அவளுக்கு வலி கண்டது. ஓடிவந்து சீட்டில் விழுந்து, அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி ஓடிப்போய் ஆட்டோ கூட்டி வந்தாள்.

"ஏந்துரு ப்ரியா!"

"எறக்காதய்யா... எறக்குனா செத்துடுவேன்னு சொல்றா..."

"எவ?"

பக்கத்தில் காட்டினாள்.

க்ரீச்...

விரல்களைப் பிரித்தான். தூக்கினான்.

வாசலைத் தாண்டவில்லை.

தலை சாய்ந்தது.

பிள்ளையும் தங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் காமாட்சியம்மாள் துக்கம் விசாரிக்க வந்தாள். கூடத்தில் சீட்டைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"இத்தையா கயட்டுன, பாவி? சொன்னா வண்டிய வாங்க மாட்டியேன்னு நான் வாயத் தொறக்கல. எம் மருமவள வலியோட இதுல படுக்க வெச்சித்தான் காஞ்சிபுரம் இட்டுகினு போனோம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நல்லாத்தான் பேசிகினு வந்தா. 'எறக்காதீங்க, எறக்காதீங்க'ன்னு கதறுனா. நாங்கதான் வெரலப் பிரிச்சி எறக்குனோம்... எறக்குன கையிலயே உசுரு போச்சி."