ஆறாவது கை

ஐடனியின் புருஷன் கூரை வேய்கிறவன். ஒரு அறுவடைக் காலத்தில் களஞ்சியத்தின் முகட்டிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து, அடுத்த அறுவடை வரைக்கும் கிடையாய்க் கிடந்தான். அவனைப் புரட்டிப் போட்டு, புண் கழுவி, காட்டில் பச்சிலை தேடி அலைந்ததில்தான் அவளுக்கு வைத்தியம் கைவந்தது. அவன் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் ஸ்கார்வெல்லில் யாருக்கு நோவு என்றாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

வாய் பொல்லாதது. மேய்ப்பன் ஹாமோ பின்புறத்துக் கட்டியோடு அவளிடம் போனபோது, "இத்தன நாளா இத வளத்தியே, எதுக்கு? சந்தைக்கு ஓட்டிட்டுப் போகவா?" என்று கேட்டவள் அவள். அதை ஊருக்குச் சொன்னவன் ஹாமோவேதான். அவள் சொல்லவில்லை. ஒரு வீட்டு நோவை இன்னொரு வீட்டில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. ஊரில் பாதிப் பேரின் மானம் அவள் வயிற்றுக்குள் இருந்தது.

மாவு ஆலைக்காரன் தர்ஸ்டனின் பெண்டாட்டி சிபிலிக்கு முதல் பிரசவம் மூன்று நாள் இழுத்தது. பிள்ளை செத்துப் பிறந்தது. தாய் பிழைத்தாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்குச் சிறுநீர் நிற்கவில்லை. நின்றாலும் நடந்தாலும் கசிந்துகொண்டே இருந்தது. அதற்கு மருந்து கிடையாது என்று ஐடனி அவளிடம் நேராகவே சொல்லிவிட்டாள். மருந்துக்குப் பதிலாக ஒரு காரியம் செய்தாள். பழந்துணிகளைக் கிழித்து மடித்துக் கொடுத்தாள். நனைந்ததைக் கூடையில் பச்சிலைக்கு அடியில் வைத்துக் கொண்டுபோய், விடியுமுன் ஓடையில் சாம்பல் நீர் போட்டுக் கசக்கி, தன் வீட்டு அடுப்புக்கு மேலே காயப்போட்டு, மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தாள். தர்ஸ்டனுக்கு இது தெரியாது. பெண்டாட்டி புனித அன்னம்மாளுக்கு நேர்ந்துகொண்டு தனியே படுக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தான். சாராயக்கடையில் அதைப் பெருமையாகச் சொல்லவும் சொல்வான்.

அந்த வருஷம் மாட்டுக்கு நோய் வந்தது. கன்றுகள் செத்தன. எத்தனை கடைந்தாலும் வெண்ணெய் திரளவில்லை. காரணம் தேடியவர்களுக்கு ஹாமோ ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். இருட்டோடு இருட்டாக ஐடனி ஓடையில் துணி அலசுவதையும் வாய்க்குள் முணுமுணுப்பதையும் பார்த்தானாம். அவள் முணுமுணுத்தது குளிரைத் திட்டி. ஊரோ, ஞானஸ்நானம் பெறாமல் செத்த பிள்ளைகளைச் சுற்றிய துணி அது, சூனியம் வைக்கிறாள் என்றது. ஒற்றைக்கட்டைக்கு அத்தனை துணி எங்கிருந்து வந்தது என்று தர்ஸ்டன்தான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டான்.

ஆயரின் விசாரணைக்காரர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. துணி யாருடையது என்று இரண்டு தரம் கேட்டார். "நோவாளியோடது, ஐயா" என்றாள். எந்த நோவாளி என்றதற்கு வாய் திறக்கவில்லை. அப்படியானால் வழக்கப்படி செய் என்றார். தான் சூனியக்காரி அல்ல என்று அவள் வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்ல வேண்டும். இவள் சொல் மெய் என்று நல்ல பெயருள்ள ஆறு பெண்கள் கூடவே கைவைக்க வேண்டும். ஆறு கை சேர்ந்தால் பழி தீர்ந்தது. ஒரு கை குறைந்தாலும் பழி நின்றது.

ஆறு கை பெரிய காரியமா என்று தோன்றும். எங்கள் ஊரில் அது பெரிய காரியம். ஐடனிக்காகக் கை வைக்கிறவளை, உனக்கு என்ன வியாதி பார்த்தாள் என்று மறுநாளே கிணற்றடியில் கேட்பார்கள். அதற்குப் பயந்து கதவுக்குப் பின்னால் நின்றபடியே பலர், வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். கிழவிகளும் விதவைகளுமாக, கேலிக்கு அஞ்சாத ஐந்து பேர் தேறினார்கள்.

தர்ஸ்டன் மூட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன நேரம் பார்த்து ஐடனி மாவு ஆலைக்குப் போனாள்.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீயும் ஒண்ணும் சொல்ல வேணாம். கைய வச்சுட்டுப் போ, போதும்."

"ஏன்னு அவரு கேப்பாரு, அக்கா."

"கேட்டா என்ன, பக்கத்து வீட்டுக்காரின்னு சொல்லு."

"அவருக்குத் தெரிஞ்சா என்னைத் தொரத்திடுவாரு. நாறுறவளோட எவன் குடும்பம் நடத்துவான்?"

ஐடனி கூடையை எடுத்து, நனைந்த துணிகளை அதில் வைத்து, மேலே பச்சிலையைப் பரப்பிக்கொண்டு வந்துவிட்டாள். இதைப் பின்னால் ஊருக்குச் சொன்னது சிபிலிதான். "அன்னிக்கும் எடுத்துட்டுப் போனாங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

விசாரணை நாளில் கோயில் நிறைந்திருந்தது. ஐந்து பெண்கள் முன்னால் வந்து கைவைத்தார்கள். ஆறாவது யார் என்று எழுத்தர் கேட்டார். மறுபடி கேட்டார். சிபிலி புருஷன் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐடனி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வார்த்தை போதும், துணிக்காரியைக் காட்டிவிட்டுத் தப்பியிருக்கலாம். ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரவர் ரகசியம் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பார்த்தது. அவள் சொல்லவில்லை என்றதும் பலருக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

தண்டனை, தவக்காலத்தின் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு முன் உள்ளங்கியோடு, வெறுங்காலோடு, கையில் மெழுகுவர்த்தியோடு கோயிலை மூன்று சுற்றுச் சுற்றுவது. பனி இன்னும் உருகவில்லை. ஐம்பது வயசுப் பெண், முழங்கால் தெரிய, ஊர் பார்க்க நடந்தாள். முதல் வாரம் பொடியன்கள் பனியை உருட்டி எறிந்தார்கள். அடுத்த வாரம் தர்ஸ்டன், "அந்தத் துணியில ஒண்ண எடுத்துப் போத்திக்கோயேன்" என்றான். சிரித்தார்கள்.

மூன்றாம் ஞாயிறு அவள் முதல் சுற்று முடித்துத் திரும்பும்போது சிபிலி கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். மேலங்கியைக் கழற்றிக் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் போட்டாள். பாவாடையை அவிழ்த்தாள். காலணியைக் கழற்றினாள். மெல்லிய உள்ளங்கியோடு ஐடனிக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினாள். பத்தடி போவதற்குள் ஆடை பின்னால் நனைந்து ஒட்டியது. கால் வழியே இறங்கியது பனியில் மஞ்சளாகத் தெரிந்தது.

ஒரு பையன் சிரித்தான். அவன் தாய் அவன் வாயைப் பொத்தினாள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஐடனிக்குக் கோபம்தான் வந்தது. நிற்காமலே பின்னால் திரும்பி, "பைத்தியக்காரி, வீட்டுக்குப் போ. ஈரத்தோட விறைச்சுப் போவ" என்றாள்.

"கைய வைக்கல. காலையாவது வைக்கிறேன், அக்கா."

தர்ஸ்டன் சுவரில் கிடந்த மேலங்கியை எடுத்தான். கொண்டுபோய்ப் போர்த்துவதா, வீட்டுக்கு நடையைக் கட்டுவதா என்று தெரியாமல், அதை மார்போடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

இரண்டாம் சுற்று முடிந்ததும் பங்குச்சாமி குறுக்கே வந்து நின்றார். அவர் முகம் சிவந்திருந்தது. "போதும், ஐடனி. உள்ள வா. ஆயருக்கு நான் சொல்லிக்கிறேன். மீதிய மன்னிச்சாச்சு."

"யாரு யார மன்னிக்கிறது, சாமி?" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. "பாதியில விட்டா, பாவம் பாத்து விட்டாங்கன்னு நாளைக்குப் பேசுவாங்க. எனக்கு ஒரு சுத்து பாக்கி இருக்கு. வழிய விடுங்க."

அவர் விலகினார். அவள் நடந்தாள். சிபிலியும் நடந்தாள்.

குளிர் எலும்பில் இறங்கியது. உள்ளே போய்விட யாருக்கும் துணிச்சல் இல்லை. பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. ஆண்கள் நாங்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையைப் பார்த்தோம். அவர்கள் இருவரும் கோயிலின் பின்பக்கம் போய், மறுபடி வரும்வரை அப்படியே நின்றோம்.