பிரசவச் சம்பளமும் கான்வாய் பஸ்ஸும்

முதல் அடி கான்வாய் கிளம்பியதுமே விழுந்தது. செக்போஸ்ட் கேட்டைத் தாண்டியிருந்தோம். முன்னால் போலீஸ் வண்டி, பின்னால் வரிசையாக லாரிகளும் டூரிஸ்ட் கார்களும், நடுவில் ரங்கத்திலிருந்து போர்ட் பிளேர் போகிற எங்கள் பஸ். அந்தக் காடு ஆதிவாசிகளுக்கு உரியது. அதற்குள் எந்த வண்டியும் நிற்கக் கூடாது, யாரும் இறங்கக் கூடாது. என் புருஷனுக்கு இது நன்றாகத் தெரியும். அதற்கு முன் பாராடாங் படகு ஜெட்டியில், நாலு பேர் பார்க்கிற இடத்தில், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். காட்டுக்குள் வந்த பிறகுதான் கையை ஓங்கினான்.

என் பிரசவ லீவுச் சம்பளத்துக்காகத்தான் அந்த அடி. நான் ரங்கத்தில் அரசாங்க நர்சரியில் மஸ்தூர். நாற்றுப் பைகளுக்கு மண் நிரப்புவது, சுமப்பது, தண்ணீர் ஊற்றுவது. லீவில் இருந்த ஆறு மாதமும் ஒரு பைசா வரவில்லை. ஃபைல் போர்ட் பிளேரில் கிடக்கிறது என்றார்கள். பிறகு வேலைக்குத் திரும்பிய மாதத்தில் எல்லாம் மொத்தமாக வந்து விழுந்தது.

மகளுக்குப் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. கொஞ்சம் அழுதாலும் உதடு நீலமாகிவிடும். மெயின்லேண்டுக்குப் போய் ஆபரேஷன் செய்யாவிட்டால் தங்காது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால் கப்பல் டிக்கெட்டிலிருந்து ஆபரேஷன் வரை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். அதற்கு வருமானச் சான்றிதழ் கேட்டு ரங்கத் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த புண்ணியவான், மொத்தமாக வந்த அந்த ஒரு மாதச் சம்பளச் சீட்டை எடுத்துப் பன்னிரண்டால் பெருக்கிவிட்டார். மண் சுமக்கிற நான் காகிதத்தில் பெரிய ஆபீசராகிவிட்டேன். உதவி கிடையாது என்று வந்தது.

அன்றைக்கு வீட்டில் என் காது ஜவ்வு கிழிந்தது. "யாருடி ஒன்ன மொத்தமா வாங்கச் சொன்னது?" என்று கேட்டுக் கேட்டு அறைந்தான். நான்தான் ஆபீசில் உட்கார்ந்து எனக்கே சம்பளம் போட்டுக்கொண்டேன் போல.

இது ஆறு மாதச் சம்பளம் என்று நர்சரியில் எழுதி வாங்கினேன். போர்ட் பிளேர் பெரிய ஆபீசில் கொடுத்தால் திருத்திவிடுவார்கள். அவனும் கூட வந்தான். சீசன் நேரத்தில், சேற்று எரிமலை பார்க்க வரும் டூரிஸ்டுகளுக்கு ஓட்டும் ஜீப்பை வேறொருவன் கையில் கொடுத்துவிட்டு வந்தான் என்றால், பிள்ளைப் பாசத்தால் அல்ல. ஆபரேஷன் இலவசமானால் என் பணம் மிச்சமாகும். அதில் இரண்டாவது ஜீப்புக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பார்த்தான்.

பஸ் காட்டுக்குள் நுழைந்ததும், "ஏ.டி.எம். கார்ட குடு," என்றான்.

"அது மெட்ராஸ்ல தங்குறதுக்கு. ஆபரேஷன் ஃப்ரீன்னா சோறும் ஃப்ரீயா?"

உதடு கிழிந்தது அப்போதுதான். இரண்டாவது குத்து கண்ணுக்குக் கீழே. வாயில் ரத்தம் உப்பாக இறங்கியது. முன்னாலிருந்து வங்காளி கண்டக்டர், "அரே பாய், மத் மாரோ!" அடிக்காதே, என்று கத்தினார். கத்தியதோடு சரி. "காடி நஹி ருகேகா," நிற்காது, என்று டிரைவர் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார். மற்றவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினமும் பார்க்கிற அதே மரங்கள்.

என் மடியில் மகள் அலற ஆரம்பித்தாள். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அவன் ஒரு கையால் என் முடியைப் பிடித்து, மறு கையால் அவளுக்கு அடியில் இருந்த, கார்டு வைத்த பையை இழுத்தான். அவள் தலை முன்சீட்டுக் கம்பியில் 'ணங்'கென்று மோதியது.

அதுவரை நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்துச் சீட்டில் மீன் கூடையோடு இருந்த வங்காளி அம்மாவின் கையில் மகளைத் திணித்தேன். வெந்நீர் கொண்டுவந்த ஸ்டீல் ஃபிளாஸ்க்கை எடுத்து அவன் மண்டையில் போட்டேன். ஒரு தடவை இல்லை. அவன் சீட்டுகளுக்கு நடுவில் சரிந்த பிறகும் போட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

உடனே பஸ்ஸுக்கு உயிர் வந்துவிட்டது. பின் சீட்டுத் தமிழர் ஒருவர் எழுந்து, "என்னம்மா, புருஷன போயி இப்படி அடிக்கிற?" என்றார்.

"அவன் அடிச்சப்ப தூங்கிக்கிட்டா இருந்தீங்க, அண்ணே?"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

காடு முடிந்து, அடுத்த செக்போஸ்ட்டில்தான் பஸ் நின்றது. வீட்டு விவகாரம், வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார் போலீஸ்காரர். புகார் எழுதாமல் நகர மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தேன். மீன்கார அம்மா, மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, பார்த்ததை எல்லாம் இந்தியில் சொன்னார். எழுதி, எனக்கும் ஒரு காப்பி கொடுத்தார்கள். அவனை வேறு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான், அதுவரை நிறுத்தி வைத்திருந்த அதே பஸ்ஸில் போர்ட் பிளேர் ஆபீசுக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் தமிழ்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் தண்ணீர் கொடுத்தாள். நர்சரிக் கடிதத்தைப் படித்து, என் சம்பளத்தைச் சரியாகப் பிரித்துப் போட்டாள். பிறகு பேனாவை வைத்துவிட்டாள்.

"ஒங்க சம்பளம் சரியாப் போச்சும்மா. ஆனா பாரத்துல பாத்தா, இந்த சீசன்ல வீட்டுக்காரரு ஜீப் நல்லா ஓடியிருக்கே. அதச் சேத்தா மறுபடி வரம்புக்கு மேல போயிரும். கூட இருக்கவரு வருமானத்த சேத்துத்தான் ஆகணும்."

"கூட இல்ல."

"அதுக்கு ஆதாரம் வேணுமே."

போலீஸ் காப்பியை மேஜைமேல் வைத்தேன். அதன் ஓரத்தில் என் ரத்தம் பட்டிருந்தது. அவள் முழுக்கப் படித்தாள். உள்ளே போய் மேலதிகாரியிடம் காட்டிவிட்டு வந்தாள்.

"குடும்பத்துல எத்தன பேருன்னு போட?"

"நானும் எம்புள்ளயும்."

எழுதினாள். எழுதிவிட்டுத் தயங்கினாள். "நாளைக்கு அவரு திரும்பி வந்து சேந்துக்கிட்டாருன்னா, வருமானம் மாறிருச்சின்னு நீங்களே வந்து சொல்லணும். அது ரூல்."

"மாறாதுன்னு எழுதிக்குங்க."

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாள், மூச்சு வாங்குவதில்லை. தண்ணீர் கொண்டுபோவது அந்த ஃபிளாஸ்க்கில்தான். இது ஏன் நெளிந்திருக்கிறது என்று போன வாரம் கேட்டாள்.

"ஒங்கப்பன் மண்ட பட்டு," என்றேன்.