சொல்லாமல் வந்த ஏழு வீடுகள்

என் மகள் ஆவணப்படம் எடுக்கிறவள். ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடவும் கட்டட வேலைக்கும் வடக்கே போய், உயிரோடு திரும்பாத ஆண்களின் குடும்பங்களைப் பற்றி ஒரு படம். எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஏழு வீடுகள். ஒன்றரை வருஷமாகக் கேமராவையும் மைக்கையும் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் தனியாகவே போய் வந்தாள். போன பங்குனியில், நான் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அம்மா, பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன். நாலு பஸ்ஸு போயிருச்சு, ஏறல. எதுக்கு ஏறணும்னு தெரியல. எதுக்கு இருக்கணும்னே தெரியலம்மா."

குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. பலகையில் பாதிக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

பாளையம்பட்டியில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, எடுத்த படமெல்லாம் இருந்த ஹார்டு டிஸ்க்கைத் துணியில் சுற்றி பீரோவுக்கு மேல் வைத்துவிட்டு அவள் படுத்துக்கொண்டாள். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நான் வாளியைத் தேய்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் விழும் சத்தம் நின்றால் எனக்கு மூச்சு நின்றுவிடும். ஒரே வாளியை ஒரு வாரம் தேய்த்தேன்.

மனநல மருத்துவர் எங்களிடம் அவசரப்படாமல் பேசினார். அந்த அம்மா மாத்திரை எழுதுவதற்கு முன் மகளிடம் கேட்டது ஒரே கேள்வி. "அந்த வீடுகளுக்கு உன்கூட யாரு வருவா?"

"யாரும் இல்ல டாக்டர். ஒத்த ஆளா போனாத்தான் அவுக மனசுவிட்டுப் பேசுவாக."

பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கம் கேதம் கேட்க, அதாவது சாவு வீட்டில் துக்கம் விசாரிக்க, யாரும் தனியாகப் போவதில்லை. லோடு வண்டி பிடித்துப் பத்துப் பன்னிரண்டு பெண்களாகத்தான் போவோம். வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுது தீர்ப்போம். கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டோம். துக்க வீட்டில் "போயிட்டு வாரேன்" என்று சொல்லக்கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குள் நுழைவோம். வரும் வழியில் அழுத கண்ணோடேயே யாராவது ஒருத்தி எல்லாரையும் சிரிக்க வைத்திருப்பாள். என் மகள் ஏழு கேத வீடுகளுக்கு ஒற்றையாகப் போயிருக்கிறாள். கேமராவுக்குப் பின்னால் நின்றதால் அழவில்லை. வந்த பிறகு கம்ப்யூட்டரில் போட்டு, அதே அழுகையைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள்.

"இனிமே நான் வாரேன்" என்றேன்.

"வந்து என்ன செய்வீங்க?" என்று சிரித்தார் மருத்துவர்.

"மைக்கப் பிடிக்கிறேன்."

"அம்மா, இது ஸ்கூல் டூர் இல்ல" என்றாள் மகள். பல நாள் கழித்து அவள் என்னைக் கிண்டல் செய்தது அன்றுதான்.

மாதங்கள் போயின. மாத்திரை பழகியது. இதே தொழிலில் இருக்கும் அவள் சிநேகிதர்கள் நான்கு பேர் சனிக்கிழமைதோறும் காலையில் போனில் கூடினார்கள். படத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. சாப்பிட்டாயா, தூங்கினாயா, கடைசியாக எப்போது வெயிலில் நடந்தாய் என்பது மட்டும்தான் பேச்சு. அடுப்படியில் இருந்தபடி நானும் காது கொடுப்பேன். ஒருவன் மூன்று நாளாகத் தோசைமாவிலேயே ஓட்டுவதாகச் சொன்னபோது இவள் சத்தமாகச் சிரித்தாள். நான் தாளிப்பைக் கருகவிட்டேன்.

ஆவணியில் ஒருநாள் மகளே வந்து சொன்னாள். "பரளச்சிப் பக்கம் ஒரு வீடு பாக்கி. அந்த அக்காவ ரெண்டாவது தடவ எடுக்கணும். படத்த விடுறேன்னு, பணம் தந்தவுகளுக்கு ஒரு லெட்டர் எழுதி வச்சிருக்கேன். அங்க போய்ப் பாப்பேன். முடியலன்னா அனுப்பிருவேன்."

எனக்குப் படம் பெரிதில்லை. அதை விட்டால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள் என்பதுதான் பயம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனோம். காற்று இரையாமல் இருக்க மைக்குக்கு ஒரு ரோம உறை போட்டிருந்தது. அதைக் கம்பில் மாட்டி, காதில் ஹெட்போனோடு நான் தெருவில் நடந்தபோது ஊரே பார்த்தது. கணவனை இழந்த அந்தப் பெண் வீட்டு முன்னால் மிளகாய் வற்றலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயதைத் தாண்டியிருப்பாள்.

"யக்கா, அதென்ன, கீரிப்பிள்ளையா?"

"உள்ள மைக் இருக்கும்மா."

"கீரிக்குள்ளயா?" என்றவள் என் மகளைப் பார்த்தாள். "ஏ பிள்ள, என்ன இப்பிடி எளச்சுப் போன? போன தடவ எனக்கு எம்புட்டு ஆறுதலு சொன்ன. ஒனக்கு யாரு சொன்னா?"

மகள் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில், மைக் கம்பு தாழ்ந்ததைக் கவனிக்கவில்லை. ஹெட்போனில் கரகரவென்று ஒரு சத்தம். கட்டிப் போட்டிருந்த கிடா ரோம உறையை மென்றுகொண்டிருந்தது.

நான் இழுக்க, அது இழுக்க, அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "விடுங்கக்கா, திங்கட்டும். மக காதுகுத்துக்கு இதத்தான் அடிக்கப் போறோம். கீரி ருசியும் சேந்து வரும்."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மகளின் தோள் குலுங்கியது. பதறிப்போய்ப் பார்த்தேன். சிரிப்புத்தான்.

ஒரு மணி நேரம்தான் என்பது மருத்துவர் போட்ட கணக்கு. அந்த நேரம் முழுவதும் அந்தப் பெண் தன் கணவனைப் பற்றித்தான் பேசினாள். புதுச் சட்டை போட்டால் சின்னப் பிள்ளை மாதிரி தெருவை ஒரு சுற்று சுற்றி வருவானாம். நடுவில் அழுதாள். மகளும் கேமராவை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். மிளகாய் நெடி வேறு.

நேரம் முடிந்ததும் எனக்குக் கேதத்துக்குப் போன பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பெண் உள்ளே போன சமயம் பார்த்து, மைக்கைக் கூட அணைக்காமல், மகளின் கையைப் பிடித்து விறுவிறுவென்று நடந்தேன். திரும்பிப் பார்க்க விடவில்லை. பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து மூச்சு வாங்கும்போது, பின்னால் அவள் ஓடி வந்தாள். கையில் டீச் சொம்பு.

"என்னக்கா இது? டீ போட உள்ள போனா ஆளக் காணோம். சொல்லாமப் போறீக?"

"இல்லம்மா, கேத வீட்ல…"

"எது கேத வீடு? அவுக போயி வருசம் திரும்பியாச்சு. வெள்ளயடிச்சிருக்கேன், பாக்கலயா? காதுகுத்துக்குப் பந்தக்கால் ஊன்றப் போற வீட்ட, கேத வீடுங்கிறீக."

சுவரெல்லாம் பளிச்சென்று இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"வாங்க, திரும்பி வீட்டுக்கு வந்து, டீயக் குடிச்சு, மொறயா சொல்லிட்டுப் போங்க. இல்லன்னா எம்பிள்ள விசேசத்துக்கு ஆகாது."

பஸ் வந்தது. விட்டுவிட்டுத் திரும்பி நடந்தோம். வழியில் மகள் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, ஏழு வீட்லயும் நான் சொல்லாமத்தான் வந்தேன். நீங்க பழக்குனதுதான. அதுக்கப்புறம் அவுக எப்பிடி இருக்காகன்னே எனக்குத் தெரியாது. என் மனசுக்குள்ள ஏழு வீட்லயும் இன்னும் அழுதுக்கிட்டே இருக்காக."

நான் கற்றுக்கொடுத்த நல்ல பழக்கம். ஒரு தடவை போகிறவர்களுக்கு அது சரி. என் பிள்ளை ஒன்றரை வருஷம் போனவள்.

வெள்ளையடித்த வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தோம். மூன்று வயதுப் பெண் குழந்தை வந்து மகளின் மடியில் ஏறி, "எனக்கு ஜிமிக்கி" என்று காதைக் காட்டியது. கிளம்பும்போது மகள் எழுந்து நின்றாள். மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால், அவள் சொன்னது ஹெட்போன் வழியாக என் காதுக்குள்ளேயே கேட்டது.

"போயிட்டு வாரேங்க்கா. காதுகுத்துக்கு மொத நாளே வந்துருவேன்."

ஐந்து மாதமாக அவள் யாரிடமும் வருவேன் என்று ஒரு சொல் சொன்னதில்லை. மைக் கம்பை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்டினால் பதிவு கெட்டுப்போகும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. மற்ற ஆறு வீடுகளுக்கும் முடிகிற ஞாயிறுகளில் போய்ச் சொல்லிக்கொண்டு வருகிறோம். இரண்டு முடிந்தது. இரண்டிலும் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். எனக்கு இன்னும் பயம் தெளியவில்லை. அவள் போனை எடுக்கத் தாமதித்தால், எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் ஐப்பசியில் அந்தக் காதுகுத்துக்கு, சொன்னபடி முதல் நாளே, என் பட்டுச்சேலை ஒன்றைக் கேட்காமல் எடுத்துக் கட்டிக்கொண்டு அவள் தனியாகப் பஸ் ஏறினாள். மறுநாள் பந்தியில் நான் போய்ச் சேர்ந்தபோது, இலைக்கு முன்னால் உட்கார்ந்து, "அம்மா, கறி தீரப் போகுது, சீக்கிரம் உக்காருங்க" என்றாள்.